பின்கால்களின் தோப்புக்கரணம்

நான் சில வருடங்கள் ஒரு யானையின் பின்பாதியாக வேலை செய்தேன். சம்பளத் துண்டில் அப்படியேதான் போட்டிருக்கும்: யானை, பின். எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு "உண்மையோ?" என்று கேட்பார்கள். உண்மைதான்.

அது ஐஸ் தரையில் சறுக்கி ஆடும் ஒரு நிகழ்ச்சி. குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போவோம். ஆட்களுக்கு இரண்டு பஸ், சாமான்களுக்கு லொறிகள். ஐஸ் இல்லாத மண்டபம் என்றால் ஐஸையும் நாங்களே செய்துகொள்வோம். ரப்பர்க் குழாய்களை விரித்து, அதற்குள் குளிர்த் திரவத்தை ஓடவிட்டு, மேலே தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உறைய வைப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் நான் போய் அந்தக் குழாய்களைப் பார்ப்பேன். அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவரும் பார்க்காமல் விட்டால் உருகிவிடுமோ என்று பயம். குழாய் விரிக்கிறவர்கள் என்னைக் கண்டால் "பரிசோதகர் வந்திட்டா, நிமிர்ந்து நில்லுங்கோ" என்பார்கள்.

பயம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் சோதனைப் பயத்தால்தான். அப்பா அங்கே ஐஸ் மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தார். அவருடைய வேலை முடியும்வரை நான் சறுக்கிக்கொண்டிருப்பேன். ஐஸில் நிற்கும்போது மட்டும் எனக்கு யோசனை வராது, யோசித்தால் விழுந்துவிடுவேன். யோசனை வராத இடத்திலேயே சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்தபோது அங்கேயே போய்விட்டேன்.

முதலில் நான் யானையில்லை. இறகு வைத்த பெண்கள் வரிசையில் இருந்தேன். எல்லாரும் கைகோத்து ஒரு சக்கரம் போலச் சுற்ற, கடைசி ஆள் வேகமாக வந்து கடைசிக் கையைப் பிடிக்கவேண்டும். கடைசி ஆள் நான். ஒருநாள் யோசித்துவிட்டேன். கை கிடைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குடும்பத்தின் சோளப்பொரிக்குள் போய் இருந்தேன். அவர்கள் நல்ல ஆட்கள், எழும்ப உதவி செய்துவிட்டு இதுவும் ஆட்டத்தில் சேர்த்தியோ என்று கேட்டார்கள். அடுத்த வாரமே என்னை யானைக்குள் போட்டுவிட்டார்கள். யானைக்குள் பிடிப்பதற்கு எப்போதும் ஒருவர் முன்னால் இருக்கிறார்.

அவரைத்தான் நான் முன்பாதி என்கிறேன். செக் நாட்டுக்காரர். ஒரு காலத்தில் ஜோடிச் சறுக்கலில் பதக்கம் வாங்கியவர். அவருடைய ஜோடி ஒரு பல் வைத்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஐஸை விட்டு இறங்க, இவர் யானைக்குள் இறங்கினார். அவருடைய இடுப்பில் ஒரு தோல் பட்டி இருக்கும். நான் குனிந்து அந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் சறுக்கவேண்டும். அவர் யானையின் வாய் வழியாக உலகத்தைப் பார்ப்பார். எனக்குத் தெரிவது ஐஸும் அவருடைய குதிக்காலும்தான். அவர் பருப்பு, அவரை, முட்டைக்கோவா சாப்பிடும் நாட்கள் எனக்குத்தான் முதலில் தெரியவரும். பிறகு அதற்கு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: ஆட்டம் இருக்கும் நாட்களில் அவர் பருப்பு வகை தொடக்கூடாது, நான் அம்மா அனுப்பும் கருவாட்டுப் பொரியலைத் தொடக்கூடாது.

யானையின் தலை பெட்டிக்குள் போகாது, தும்பிக்கை மடங்கிவிடும். அதனால் பஸ்ஸில் அதற்குத் தனி ஆசனம், ஆசனப்பட்டியும் போட்டிருப்போம். ஒருமுறை நெடுஞ்சாலையில் எங்களை மறித்த பொலிஸ்காரர் உள்ளே ஏறி எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்து, தலைக்கு முன்னால் நின்று, பட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பட்டி போடாமல் இருந்த எனக்குத் தண்டம் எழுதினார். இன்னொரு ஊரில் தீயணைப்புப் பகுதியிலிருந்து வந்த ஒருவர், யானைக்கு அவசரமாக வெளியேறும் வழி எங்கே என்று கேட்டார். வயிற்றில் இழுத்துத் திறக்கும் சிப் இருக்கிறது என்று காட்டினேன். இரண்டு பேருக்கு ஒரு வழி போதாது என்று யோசித்துவிட்டு, வாலுக்குக் கீழே பச்சை நிறத்தில் ஓடும் மனிதன் படம் ஒன்று ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். அந்த ஊரில் மட்டும்.

இப்போது தோப்புக்கரணத்துக்கு வருகிறேன்.

திரைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் எனக்கு எல்லாப் பயமும் ஒன்றாக வரும். குழாய் வெடித்தால் என்ன, பட்டி அறுந்தால் என்ன, அவர் தும்மினால் என்ன. அதனால் பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் போடுவேன். முன்பாதி யானைத் தலையை மாட்டும் நேரத்தில், துணிக்குள்ளேயே கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்து, குந்தி எழும்புவேன். சறுக்குச் சப்பாத்தோடு அது லேசில்லை. யானைக்குள் நின்றுகொண்டு யானைமுகத்தானைக் கும்பிடுகிறேன் என்பதும், எனக்கு நேர் முன்னால் இருப்பது ஒரு செக் நாட்டுக்காரரின் பின்பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்வேன். முன்பாதிக்குத் தன் பின்னால் ஏதோ நடக்கிறது என்று தெரியும்.

"முழங்கால் சூடாக்கிறாய் போல. நல்ல பழக்கம்," என்று ஒருநாள் சொன்னார். ஜேர்மனில் நாங்கள் ஆளுக்காள் நீ போட்டுத்தான் கதைப்போம். ஆனால் தமிழில் எழுதும்போது அவருக்கு நீ போட எனக்குக் கை வரவில்லை.

"ஓம்," என்று ஒத்துக்கொண்டேன். விளக்கப் போனால் பெரிய கதை.

என்னிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல், முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஏலாது". நான் அதை அவ்வளவு சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவரே கேட்பார்: "கொஞ்சம் ஏலாதா, முழுக்க ஏலாதா?"

ஹாலே நகரத்தில் நடந்தது இது. திரை இழுக்கிறவர் யாரோ கையசைத்ததைத் தனக்கு என்று நினைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். நேரத்துக்கு முன்பே திரை திறந்துவிட்டது. முன்பாதி அப்போதுதான் குனிந்து யானையின் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது தோப்புக்கரணத்தில் குந்தியிருந்தேன். மண்டபத்தில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று போடுகிறேன் என்று தொடங்கிவிட்டு இரண்டோடு நிறுத்தினால் அது கும்பிடாமல் விட்டதைவிட மோசம். ஆகவே மூன்றாவதையும் போட்டேன். மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு.

இடைவேளையில் நிகழ்ச்சியை நடத்தும் நெறியாளர் வந்தார். உயரமான பெண்மணி, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். எங்கள் முன்னால் வந்து நின்றபோது, வேலை போய்விட்டது என்று அம்மாவுக்குச் சொல்லவேண்டிய வசனங்களை நான் மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"அது," என்றார். "பின்பக்கத்தால் செய்தது. என்ன அது?"

"முழங்கால் சூடாக்கிறது," என்றார் முன்பாதி எனக்காக.

"இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் வேண்டும். வெளிச்சத்தில். இசையோடு."

அந்த வாரமே இசைக்காரர் ஒரு பெரிய ஊதுகுழலின் சத்தத்தைச் சேர்த்துவிட்டார். அது ஒவ்வொரு முறை "பூம்" என்று ஊதும்போதும் யானையின் பின்பாதி ஒருமுறை குந்தி எழும்பவேண்டும். இப்போது எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. கும்பிட்டதற்குச் சம்பளம் வாங்குகிறேனே, இது எந்தக் கணக்கில் போகும்? அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்ன பிள்ளை, சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா. கோயில் ஐயரிட்டை ஒரு விசயம் கேட்டுச் சொல்லுங்கோ."

"என்ன, கலியாணமோ?"

"இல்லை. காசுக்குப் போடுற தோப்புக்கரணம் கணக்கிலை வருமோ எண்டு."

அம்மா தொலைக்காட்சியை நிறுத்துவது கேட்டது.

"நீ இப்ப எங்க நிக்கிறாய்?"

"எர்ஃபூர்ட்டிலை."

"குளிர் உனக்குத் தலைக்குள்ள போயிட்டுது."

ஆனாலும் கேட்டார். அடுத்த நாளே பதில் வந்தது.

"ஐயர் கேக்கிறார், போடுற நேரம் காதைப் பிடிக்கிறியோ எண்டு."

"இல்லை அம்மா. கை ரெண்டும் முன்னுக்கு நிக்கிறவரின்ர இடுப்பிலை."

இந்த முறை அறைக் கதவைச் சாத்துவது கேட்டது.

"ஆரின்ர இடுப்பிலை?"

"யானையின்ர முன்பாதியின்ர. அவருக்கு வயசு போயிட்டுது அம்மா."

"கலியாணம் கட்டினவரோ?"

"அம்மா, ஐயர் என்ன சொன்னவர்?"

"காதைப் பிடிக்காட்டி அது தோப்புக்கரணம் இல்லையாம், வெறும் உடற்பயிற்சியாம். பயப்பிடாமல் செய்யட்டாம். கும்பிடுறதை முதலே தனியப் போடட்டாம்."

அதனால் தனியாக மூன்று, பிறகு வெளிச்சத்தில் ஊதுகுழலுக்கு ஏற்றபடி. சனிக்கிழமைகளில் இரண்டு ஆட்டம். மனம் கொஞ்சம் ஆறியது. வலது முழங்கால்தான் ஆறவில்லை. படி இறங்கும்போது அது "நறுக்" என்று ஒரு சத்தம் போடத் தொடங்கியது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முன்பாதி மாறிப்போனார். பதக்கம் வாங்கிய மனுசன், சனம் தன்னுடைய பின்பாதியைப் பார்த்துச் சிரிப்பதை எத்தனை நாள் தாங்குவார்? யானையின் காதுகளை அசைக்க உள்ளே ஒரு கயிறு இருந்தது. நான் குந்தும்போதெல்லாம் அவர் அந்தக் கயிற்றை இழுத்துக் காதுகளைப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தார். சனத்தின் கண் முன்பக்கம் போகட்டும் என்று. நான் இன்னும் ஆழமாகக் குந்தினேன். அவர் தும்பிக்கையையும் சுழற்றினார். நாங்கள் பஸ்ஸில் கதைப்பதை நிறுத்தினோம். யானையின் தலையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, அதன் இரண்டு பக்கமும் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனோம். ஆட்ட நாளில் அவர் பயற்றஞ்சூப் குடித்தார். நான் கருவாடு சாப்பிட்டேன்.

நெறியாளர் ஒருநாள் கூப்பிட்டு, "யானைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். "முன்னுக்கு ஒரு மிருகம், பின்னுக்கு ஒரு மிருகம் போல இருக்குது." பிறகு உண்மையான விசயத்தைச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு விண்வெளி ஆட்டம் ஒன்று புதிதாக வருகிறது. அதற்கு இடம் வேண்டும். பென்குயின் வேசம் போட்டு ஆடுகிறவர்கள் அல்லது யானை, ஒன்று போகும். நிகழ்ச்சியின் முதலாளி, எங்கள் ஊர் இருக்கும் ரூர் பக்க ஆட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுவார்.

யானை போனால் எங்கள் கதி என்ன? முன்பாதிக்கு எங்கேயாவது பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கும் வேலை கிடைக்கும். என்னிடம் என்ன இருக்கிறது? பள்ளிப் பத்திரமும் இல்லை, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியும் இல்லை. என் மச்சாள்மார் ஒருத்தி மருந்துக்கடையில், ஒருத்தி வங்கியில். நானோ வேலை தேடும் அலுவலகத்தில் தெர்மீன் என்கிற சந்திப்பு நேரம் எடுத்துப் போய் இருப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மணி கேட்பார், இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்? யானை. முழு யானையா? இல்லை, பின்பாதி. அவர் கணினியில் தேடுவார், தேடுவார். இந்தக் காட்சியை நான் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கடைசியில், "பின்பாதிக்கு இப்போது வெற்றிடம் இல்லை," என்றுதான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அம்மா தொலைபேசி எடுத்தார்.

"ரூர் பக்கம் ஆட்டம் எண்டு சொன்னனி எல்லோ? நாங்களும் வாறம்."

"நாங்கள் எண்டால்?"

"கோயிலிலை கேட்டவை, மகள் என்ன செய்யிறாள் எண்டு. பிள்ளையார் வேசம் கட்டி ஆடுறாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா! அது பிள்ளையார் இல்லை. சர்க்கஸ் யானை. அதிலையும் நான் பின்பக்கம்!"

"பிள்ளையாருக்குப் பின்பக்கம் இல்லையோ?"

"எத்தினை பேர் வரினம்?"

"ஒரு பஸ்."

"எவ்வளவு பெரிய பஸ்?"

"நடுவிலை வளையிற பஸ்."

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாட்களெல்லாம் எனக்குப் பென்குயின்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. காலைச் சாப்பாட்டில் ஒரே மேசை. அவர்கள் பாண் துண்டை என் பக்கம் தள்ளிவிடுவார்கள், நான் வெண்ணெயைத் தள்ளிவிடுவேன். ஒருவரை ஒருவர் கொல்லப்போகிற நேரத்திலும் இவ்வளவு மரியாதையாக இருக்கும் ஆட்களை நான் பார்த்ததில்லை.

கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து ஊர் மண்டபம். ஆட்களை உள்ளே விடத் தொடங்கிய நேரம் வாசலில் ஏதோ பிரச்சினை என்று என்னைக் கூப்பிட்டார்கள், தமிழ் தெரிந்த ஆள் நான்தானே. ஓடிப்போனேன். பட்டுச் சேலைக்கு மேல் குளிர் அங்கி, நெற்றியில் திருநீறு, ஒரு பெரிய வரிசை. எல்லாரும் அன்றைக்கு மச்சம் மாமிசம் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். வரிசையின் முன்னால் அம்மா. அம்மாவின் பையிலிருந்து எடுத்த தேங்காயைக் காவலாளி கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எறியக்கூடிய பொருள்," என்றார் காவலாளி. "உள்ளே கொண்டுபோக முடியாது."

அம்மா தன் ஜேர்மனில், "எறியிறேல்லைத் தம்பி," என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். "இதை உடைக்கிறது."

"எங்கே?"

"ஐஸிலை. என்ர மகள் வாற நேரம்."

காவலாளி வானொலிக் கருவியில் யாரையோ கூப்பிட்டார். நான் நடுவில் புகுந்து, தேங்காயை அங்கிகள் வைக்கும் இடத்தில் கொடுத்து அதற்கு ஒரு இலக்கத் தகடு வாங்கி அம்மாவின் கையில் வைத்தேன். அம்மா தகட்டைப் பார்த்தார். "தேங்காய்க்கு ரோக்கனோ?" என்றார். பின்னால் நின்ற ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "மெலிஞ்சு போனாய் பிள்ளை. தும்பிக்கை பாரமோ?" என்று கேட்டார். நான் திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

திரைக்குப் பின்னால் முன்பாதி தலையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் எனக்காக மூன்று போட்டேன். மூன்றாவதில் முழங்கால் "நறுக்" என்றது. அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். அவர் தலையின் பட்டியை இறுக்கினார். நாங்கள்தான் கதைப்பதில்லையே.

வெளியே வந்தோம். ஐஸில் ஒரு சுற்று. நான் வழக்கமான சிரிப்புக்காகக் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கத்திலிருந்து ஆசனங்கள் மடியும் "படார் படார்" சத்தம் மட்டும் கேட்டது. ஆட்கள் எழும்பிப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு பஸ் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறார்.

என்ன நடந்தது என்று பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யானை உள்ளே வந்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் எழும்பிக் கைகூப்பியிருக்கிறார்கள். பின்னால் இருந்த ஜேர்மன்காரர்கள், தேசிய கீதமோ என்று நினைத்து அவர்களும் எழும்பியிருக்கிறார்கள்.

ஊதுகுழல் "பூம்" என்றது. நான் குந்தினேன். முன்பாதி வழக்கம்போலப் போட்டிக்குக் கயிற்றை இழுத்தார். யானை காதை அசைத்துக்கொண்டு குந்தி எழும்புகிறது. இதைச் சும்மா ஒருவர் பார்த்தால் பகிடி. ஒரு பஸ் நிறைய வந்த விரதக்காரர் பார்த்தால் அது வேறு.

"பிள்ளையாரே எங்களுக்குத் தோப்புக்கரணம் போட்டால் நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கேலுமோ?" என்று அம்மா பிறகு கேட்டார். "மரியாதை எண்டு ஒண்டு இருக்குத்தானே. திருப்பிப் போட்டம்."

ஒரு பகுதி முழுக்க, பட்டுச் சேலைகளும் குளிர் அங்கிகளும் கைமாற்றிக் காதைப் பிடித்துக் குந்தி எழும்பின. மற்றச் சனம் பார்த்தது. ஜேர்மனியில், விசயம் தெரிந்தவர்கள் மாதிரி ஒரு பகுதி ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரு காரியம் செய்தால், அது ஏற்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த "பூம்"முக்கு மண்டபத்தில் பாதி, அதற்கு அடுத்ததுக்கு முழு மண்டபம். எந்தக் கை எந்தக் காது என்று அம்மாவின் ஆட்கள் பக்கத்தில் நின்றவர்களுக்குப் பிடித்துக் காட்டினார்களாம்.

எனக்குக் கேட்டதெல்லாம் ஆசனங்களின் சத்தம். படார், படார், படார். மண்டபம் உடைகிறது என்றே நினைத்தேன். அடுத்த "பூம்". குந்தினேன். முழங்கால் பூட்டிக்கொண்டது.

எழும்ப முடியவில்லை. பட்டியைப் பிடித்துக்கொண்டு ஐஸுக்கு ஒரு சாண் மேலே தொங்கினேன். ஊதுகுழல் நின்றுவிட்டது. படார் சத்தமும் நின்றுவிட்டது. யானை எழும்பவில்லை என்பதால் ஒருவரும் எழும்பவில்லை. ஒரு மண்டபம் ஜேர்மனியர், காதைப் பிடித்துக் குந்தியபடி, என் முழங்காலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஏலாது," என்றேன் அவருடைய முதுகுக்கு.

பல வாரங்களுக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் சொல் அதுதான்.

"கொஞ்சமா, முழுக்கவா?"

"முழுக்க."

காதுக் கயிற்றை அவர் விட்டுவிட்டார். கைகளைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டுகளைப் பிடித்தார். ஜோடிச் சறுக்கலில் ஆளைத் தூக்குகிறவர்கள் பிடிக்கும் பிடி அது, எலும்போடு சேர்த்து. பிறகு தானும் குந்தினார். யானை முழுதாக உட்கார்ந்துவிட்டது.

"மூச்சை இழு," என்றார். "நீ ஒண்டும் செய்யாதே. நான் தூக்கிறன்."

தூக்கினார். யானை நான்கு காலில் எழும்பியது. மண்டபமும் அதோடு எழும்பியது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. கைதட்டல் ஒரு பக்கம், வயதானவர்களின் முழங்கால்கள் ஒரு பக்கம்.

உள்ளே வந்த பிறகும் நான் யானையை விட்டு வெளியே வரவில்லை. சிப்பைத் திறக்காமல் இருட்டுக்குள் இருந்தேன். நெறியாளரின் சப்பாத்துச் சத்தம் வந்து நின்றது.

"முதலாளியும் குந்தினார்," என்றார்.

நான் சிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழும்ப அவருக்கு இரண்டு பேர் உதவி செய்யவேண்டியிருந்தது."

முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மணி கணினியைத் திறந்துகொண்டிருந்தார்.

"யானை நிற்கும்," என்றார் நெறியாளர். "ஆனால் ஒரு நிபந்தனை. இது ஒவ்வொரு ஊரிலும் நடக்கவேண்டும். சனம் செய்யவேண்டும். அறிவிப்பாளர் எந்தக் கை எந்தக் காது என்று முதலே சொல்லுவார். அந்தச் சேலை கட்டின பெண்களை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் முதலாளி கேட்கிறார்."

பென்குயின்களைப் பார்க்க அடுத்த காலை எனக்கு முகமில்லை. மூத்த பென்குயின் தானாக வந்து பக்கத்தில் இருந்தது. "அழாதே," என்றது. "எங்களை விண்வெளிக்காரர் ஆக்கப்போறாங்களாம். நடை அதேதான், தலைக்கு மட்டும் கண்ணாடி."

வைத்தியர் என் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தார். சறுக்கலாம், நடக்கலாம், ஆனால் குந்தவே கூடாது என்றார். வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

குந்தாமல் பின்பாதியாக இருக்க முடியாது. இரவெல்லாம் யோசித்து, வேலையை விடுவதாகச் சொல்லப் போனபோது, நெறியாளரின் அறையில் முன்பாதி ஏற்கனவே இருந்தார். யானையின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"இது உனக்குப் பெரிசாத்தான் இருக்கும்," என்று என்னிடம் நீட்டினார். "உள்ளுக்கு ஒரு துவாய் வைச்சால் சரிவரும். பின்னுக்கு நான் போறன்."

"பின்னுக்கு ஒண்டும் தெரியாது," என்றேன். "என்ர குதிக்கால் மட்டும்தான் தெரியும்."

"இவ்வளவு காலமும் முன்னுக்கு நிண்டு என்னத்தைக் கண்டன்?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சிரிக்கிறது பின்பக்கத்தைப் பாத்துத்தானே," என்றார்.

அம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நான் முதலே சொன்னன்தானே, பிள்ளையார் வேசம் எண்டு," என்றார். "நீதான் சும்மா பின்பக்கம் பின்பக்கம் எண்டு கொண்டு நிண்டனி."

கொலோன் நகரத்தில் முன்பாதியாக எனக்கு முதல் ஆட்டம். துவாய் வைத்தும் தலை ஆடியது. யானையின் வாய் வழியாகத் திரையின் இடுக்கில் பார்த்தேன். இத்தனை காலமும் ஐஸை மட்டும் பார்த்தவளுக்கு இப்போது சனம் முழுதாகத் தெரிந்தது. முன்வரிசை, சோளப்பொரி, அவசர வழிகள், மேலே தொங்கும் விளக்குகள், அந்த விளக்குகளைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிகள். பயப்படுவதற்கு இவ்வளவு சாமான்கள் இருந்ததே எனக்குத் தெரியாது. கும்பிடலாம் என்றால் குந்தக்கூடாது.

அப்போது பின்னால் துணி அசைந்தது. யானையின் பின்பாதி மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. ஒன்று. திரும்பவும் கீழே போய் மேலே வந்தது. இரண்டு.

காத்திருந்தேன். மூன்றாவது வரவில்லை.

திரைக்காரர் கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோவது தெரிந்தது.

"என்ன நிறுத்திப்போட்டீங்கள்?" என்றேன்.

"சூடாகிவிட்டது," என்றார் பின்பாதி.

"இன்னும் ஒண்டு இருக்குது. ரெண்டிலை நிப்பாட்டக்கூடாது."

"முழங்காலுக்குத்தானே?"

"காதைப் பிடிச்சுக்கொண்டு போடுங்கோ. வலது கையாலை இடது காது. கெதியா!"

துணிக்குள் கைகள் மாறும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ செக் மொழியில் முணுமுணுத்துக்கொண்டு கீழே போனார். திரை திறந்துவிட்டது. நான் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, அசையாமல், அவர் எழும்பி வரும்வரை நின்றேன்.